பதினெட்டா, பத்தொன்பதா

...இல்ல தம்பி, நீங்களே சொல்லுங்க, நாலு சக்கரம் வாங்க ஒரு மனுஷன் எட்டு வாரம் யோசிப்பானா? எட்டு வாரம்! என்னைக் கட்டிக்கலாமா வேண்டாமான்னு எங்காளு யோசிச்சதே மூணு நாளுதான். ம்? ஆமா, பெல்ட்டு போட்டுட்டேன். நீங்க கெளப்புங்க. பின்னாடி ஏத்தின எங்க காரை நல்லாக் கட்டியிருக்கீங்கல்ல? இன்னிக்கு ஒரு தரம் பள்ளத்துல எறங்கினது போதும்.

மணி என்ன... பத்து பத்தா? அடக் கடவுளே. பதினோரு மணிக்கு அங்க விழா. எங்க எக்பெர்ட்டுக்கு இன்னிக்கு வேலையில கடைசி நாள். என்ன வேலையா? அதை மட்டும் கேக்காதீங்க... சரி, எப்படியும் தெரியத்தான் போவுது. பனி தள்ளுற லாரி ஓட்டுறாரு. முப்பத்தொரு வருஷமா. இப்போ நாம போறமே, இதே ரோட்டுலதான். சிரிக்காதீங்க தம்பி! புருஷன் பனி தள்ளின ரோட்டுல பொண்டாட்டி வழுக்கி விழுந்து கெடக்குறா... சரி, சிரிச்சுக்கோங்க. நானா இருந்தாலும் சிரிப்பேன்.

இந்தக் காரு ஓய்வு பெறப்போறோம்னு தனக்குத்தானே வாங்கிக்கிட்ட பரிசு. ஆறு சிலிண்டர், ரெண்டே கதவு, பின் சக்கரந்தான் தள்ளும். வாழ்நாள் பூரா நாப்பதுல லாரி ஓட்டினவருக்கு இப்போ இருநூத்தம்பது தேவைப்படுது. போவட்டும். ஆனா பனிக்காலத்துக்கு என்ன சக்கரம் போடுறதுன்னு ஆரம்பிச்சாரு பாருங்க! காரோட வந்தது பத்தொன்பது இன்ச், அகலமான கோடை டயர். பளபளன்னு நகைக்கடைக் கண்ணாடிக்குள்ள வெக்கலாம். அது பனிக்கு ஆவாதாம். பதினேழு போடலாம்னா முன் பிரேக் பெருசு, உள்ள இடிக்குமாம். பதினெட்டு நுழையுமா, நுழையாதா... ஒரு அட்டையை வட்டமா வெட்டி வெச்சுக்கிட்டு, விரல் போற எடமாவது இருக்கான்னு காருக்கடியிலயே படுத்துக் கெடந்தாரு. சாப்பாட்டு மேசையில அட்டை, கட்டிலுக்குப் பக்கத்துல அட்டை...

எங்கண்ணன் சொன்னான், "மாப்ள, இந்தப் பக்கம் வருஷத்துக்குப் பத்து நாள் பனி கொட்டுனா அதிகம். எல்லாக் காலத்துக்கும் ஆவுற டயரா ஒண்ணு போட்டுட்டு நிம்மதியாத் தூங்கு"ன்னு. அவ்வளவுதான், எங்காளு எழுந்தே நின்னுட்டாரு. "அந்தப் பத்து நாளுல எத்தனை பேரைப் பள்ளத்துல பாத்திருக்கேன் தெரியுமா? ஏழு டிகிரிக்குக் கீழ போனா கோடை டயர் காஞ்ச ரொட்டி மாதிரி ஆயிடும்"னு ஒரு மணி நேரம். சூப்பு ஆறிப்போச்சு.

கடைசியா பதினெட்டுன்னு முடிவாச்சு. ஒடுக்கமான டயர், பனிக்குன்னே செஞ்சதுன்னு ஓரத்துல மலையும் பனித்துகளும் படம் போட்டது. ஒடுக்கமா இருந்தாத்தான் பனியக் கடிச்சுப் புடிக்குமாம். பாக்க எப்படி இருந்துச்சுன்னா, கோட்டு சூட்டு போட்டவன் கால்ல ரப்பர் பூட்ஸ் மாட்டின மாதிரி. நானும் வாய வெச்சுக்கிட்டு சும்மா இருக்காம சொல்லிட்டேன். மூஞ்சி வாடிப்போச்சு மனுஷனுக்கு. லாரியெல்லாம் நிக்குற யார்டுல வேற, புர்க்ஹார்ட்னு ஒரு கூட்டாளி, அவனும் பனி லாரி ஓட்டுறவன்தான், நாலு மாசமா தெனமும், "என்ன எக்பெர்ட், அட்டை சௌக்கியமா?"ன்னு...

இந்தாங்க, ஆப்பிள் கேக். அறுபது பேருக்குச் சுட்டது. பின்சீட்டுலேருந்து பறந்து வந்து என் கழுத்துல விழுந்துச்சு. இந்த ஓரம் சுத்தமாத்தான் இருக்கு, சாப்புடுங்க.

ம்? என்ன... டயரா? டயருக்கென்ன? டயர் டயர்தான். காரை மேல ஏத்துறப்போ ரெண்டு தரம் குனிஞ்சு பாத்தீங்க, நானும் கவனிச்சேன். ரோட்டப் பாருங்க தம்பி, ரோட்டப் பாருங்க.

...சரி, சொல்லித் தொலைக்குறேன். ரெண்டு வாரமா வெயிலு. தோட்டத்துல பூவெல்லாம் வந்தாச்சு. விழாவுல காருக்குப் பக்கத்துல அவரை நிக்க வெச்சுப் படம் எடுக்கப் போறாங்க, பத்திரிகையில வரும். அந்தச் சக்கரத்தோடயா? அதான், நேத்து அவரு வேலைக்குப் போனதும் பட்டறைக்குப் போயி அந்தப் பளபளா பத்தொன்பதை மாட்டிட்டு வந்துட்டேன். பாத்து அசந்து போகட்டும்னு. "ஈஸ்டர் வரைக்கும் பொறுங்கம்மா"ன்னுதான் பட்டறைக்காரரும் சொன்னாரு. "உங்க வேலையப் பாருங்க"ன்னுட்டேன்.

இன்னிக்கு விடிஞ்சா வெள்ளை! மார்ச் மாசக் கடைசியில! அவரு நாலு மணிக்கே பழைய வேன்ல கெளம்பிப் போயிட்டாரு, காரை எட்டிக்கூடப் பாக்கல. எட்டு மணிக்கு லாரிலேருந்து போன். "பனின்னு பயப்படாத. நல்ல டயர் போட்டிருக்கேன், தைரியமா வா." அந்தக் குரலைக் கேட்டிருக்கணும் நீங்க, அப்படி ஒரு பெருமை. அதுக்கு மேல எப்படிங்க சொல்றது? பஸ்ஸுல போயிருக்கலாம். வீம்பு. மூணாவது வளைவுல காரு என் பேச்சைக் கேக்கல. அந்த நேரம் பாத்து லாரியில வந்தது யாருங்கறீங்க? புர்க்ஹார்ட்! மேலேருந்து எட்டிப் பாத்தான், அடி ஒண்ணும் இல்லயேன்னு கேட்டான், உடனே ரேடியோவுல ஊருக்கே சொல்லிட்டான்.

இதோ, அவருதான் கூப்புடுறாரு... ஹலோ? நல்லா இருக்கேன். ஒரு கீறல் இல்ல. ஆமா, வந்துக்கிட்டே இருக்கோம்... என்ன? யார்கிட்ட சொன்ன? எல்லார்கிட்டயுமா? ...தம்பி, "டயரைத் தப்பாப் பாத்து வாங்கி என் பொண்டாட்டிய நானே பள்ளத்துல தள்ளிட்டேன்"னு யார்டுல எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாராம். விழாவே வேண்டாங்குறாரு...

எக்பெர்ட். எக்பெர்ட், பேசாம நான் சொல்றதக் கேளு. அது உன் டயர் இல்ல. ...பத்தொன்பது. ...ஆமா, கோடை. ...நான்தான். நேத்து. போட்டோவுக்காக. ...ஹலோ?

வெச்சுட்டாரா... இல்ல, இருக்காரு. ஏதோ சொல்றாரு.

...என்னது? "அப்போ என் டயர் மேல தப்பில்லையா"வா? அட மனுஷா, பொண்டாட்டி பள்ளத்துல... ஏன் கத்துற? யார்கிட்ட கத்துற? ஐயோ, போனைக் கையில வெச்சுக்கிட்டே வெளிய ஓடுறாரு தம்பி! "கோடை டயரு! கோடை டயரு!"ன்னு யார்டு முழுக்கக் கத்துறாரு. கைதட்டுறாங்க... அட்டையைக் கிண்டல் பண்ணினதுக்கு புர்க்ஹார்ட்டை நிக்க வெச்சு மன்னிப்புக் கேக்கச் சொல்றாரு...

தம்பி, கொஞ்சம் சீக்கிரமாப் போக முடியுமா? அந்தாளு மைக்கைப் புடிக்கறதுக்குள்ள நான் அங்க நிக்கணும். முப்பத்தொரு வருஷத்தைப் பத்தி ரெண்டே வரி எழுதி வெச்சிருந்தாரு. இப்போ என்னைப் பத்தியே ஒரு மணி நேரம் பேசுவாரு!