நாற்பத்து மூணு நிமிஷம்

— கார் வாங்கி ஏழு மாசம்தாங்க ஆகுது. சீட்டு மேல போட்டு வந்த பிளாஸ்டிக் கவரைக்கூட எங்கப்பா கடைசி வரைக்கும் கிழிக்க விடல. அந்த வண்டிக்கு இஞ்சின் போச்சுன்னா யார் தப்பு?

— பாருங்க மேடம், உங்க தப்புன்னு நான் சொல்லல. வாரண்டி ஃபாரத்துல ‘உரிமையாளர் கவனக்குறைவு’ன்னு ஒரு கட்டம் இருக்கு. ஒர்க்‌ஷாப்ல அதுல டிக் போட்டுட்டாங்க. நான் வெறும் சர்வீஸ் அட்வைசர்.

— கவனக்குறைவா? இவன் என் தம்பி. கேஸை மூடினோமான்னு பாதி வழியில திரும்பி வந்து பார்க்கிற ஆளு. டேய், நீயே வாயைத் திறந்து சொல்லேன்.

— விடுக்கா. போலாம்.

— பார்த்தீங்களா? பத்து நாளா இவன் பேசறதே இவ்வளவுதான்.

— மேடம், அந்தக் கண்ணாடி வழியா பாருங்க. மேஜை மேல பிரிச்சு வச்சிருக்கறது உங்க இஞ்சின்தான். உள்ள பேரிங் எல்லாம் உருகி ஒட்டிக்கிட்டு இருக்கு. ஆயில் இல்லாம ஓடினாத்தான் அப்படி ஆகும்.

— ஏழு மாச வண்டியில ஆயில் எங்க போச்சு?

— அதைத்தான் நானும் மண்டையைப் போட்டு உடைச்சுக்கிட்டேன். மீட்டர்ல நாலாயிரம் கிலோமீட்டர்கூட இல்ல. அப்புறம் வண்டி கம்ப்யூட்டர்ல இருந்து இந்தப் பேப்பரை எடுத்தோம். கடைசியா ஸ்டார்ட் பண்ணினதுல இருந்து முப்பத்தோரு மணி நேரம் நிக்காம ஓடியிருக்கு. வேகம் பூஜ்யம். ஒரு அடி நகரல. சார், கோவிச்சுக்காதீங்க, அப்படி எங்கதான் போனீங்க?

— எங்கயும் போகல.

— நான் சொல்றேன். அந்தப் பெரிய மழையில ரெண்டு நாள் கரண்ட் இல்லையே, ஞாபகம் இருக்கா? தெருமுனையில மரம் விழுந்து ஆம்புலன்ஸும் உள்ள வரல, இந்த வண்டியும் வெளிய போக முடியல. மூச்சு மிஷின் இல்லாம எங்கப்பாவால பத்து நிமிஷம் தாங்க முடியாது. இவன்தான் வாசல்லயே வண்டியை ஸ்டார்ட் பண்ணி, இன்வெர்ட்டரை மாட்டி, ஜன்னல் வழியா ஒயர் இழுத்து மிஷினை ஓட்டினான்.

— அய்யோ. அப்பா இப்ப எப்படி இருக்கார்?

— வண்டி நின்னுச்சு. அப்பா போயிட்டார்.

— சாரி மேடம். எனக்குத் தெரியாது. தண்ணி குடிங்க.

— வேணாம். இந்த வண்டியைத் தேடித் தேடி வாங்கினது நான்தான். எல்லாரும் வேற கம்பெனி சொன்னாங்க, இதுதான்னு பிடிவாதமா நின்னேன். நான் வெளியூர்ல இருக்கேன், எனக்குப் பதிலா அப்பாகிட்ட வண்டி இருக்கட்டும்னு நினைச்சேன். பத்து நாளா எனக்கு அழுகைகூட வரல. சாப்பிட்டேனான்னு யாராவது கேட்டா யோசிச்சுத்தான் சொல்ல வேண்டியிருக்கு. எனக்குப் புது இஞ்சினெல்லாம் வேணாங்க. நான் வாங்கினது நல்ல வண்டியா, கெட்ட வண்டியா? அதை எழுதிக் குடுங்க, போதும்.

— பாருங்க மேடம், நின்ன இடத்துல ஓடினதால மட்டும் அது கெடல. ஆயில் எப்படியோ குறைஞ்சிருக்கு. ஏன்னு பார்க்கணும், அது எங்க வேலை. ஆனா மத்தியானம் மூணு பத்துக்கு ஆயில் லைட் எரிஞ்சிருக்கு. எரிஞ்ச உடனே ஆஃப் பண்ணியிருந்தா இஞ்சின் பிழைச்சிருக்கும். அதுக்கப்புறமும் நாற்பத்து மூணு நிமிஷம் ஓடி, மூணு ஐம்பத்து மூணுக்கு இறுகி நின்னிருக்கு. அதனாலதான் அந்தக் கட்டத்துல டிக்.

— எப்படிங்க ஆஃப் பண்ணுவான்? ஆஃப் பண்ணா மிஷின் நின்னுடும். நீங்களா இருந்தா பண்ணுவீங்களா?

— மாட்டேன் மேடம். எனக்கும் வீட்டுல அப்பா இருக்கார். சரி, ஒண்ணு பண்ணலாம். உயிரைக் காப்பாத்தறதுக்காக ஓட்டினோம்னு ஒரு லெட்டர் எழுதுங்க. கூட டாக்டர் குடுத்த சர்டிபிகேட். அதுல நேரம் போட்டிருக்கும்ல? அதுவும் இந்தப் பேப்பரும் ஒத்துப்போனா நானே மேல பேசி அந்த டிக்கை எடுக்க வைக்கிறேன்.

— ஃபைல்லதான் இருக்கு. டேய், எடுத்துக் குடு.

— வேணாம்க்கா.

— என்ன வேணாம்? குடுடா இப்படி. இந்தாங்க, பாருங்க.

— மேடம், இதுல ரெண்டு ஐம்பதுன்னு இருக்கே.

— அந்த டாக்டர் அவசரத்துல தப்பா எழுதியிருப்பார்.

— தப்பில்லக்கா. டாக்டர் சாயங்காலம்தான் வர முடிஞ்சது. எத்தனை மணிக்குன்னு கேட்டார். சொன்னேன்.

— எங்கிட்ட நீ அப்படிச் சொல்லலையே.

— நீ ரெண்டு மணி நேரத்துக்கொரு தரம் போன் பண்ணி வண்டி ஓடுதா, வண்டி ஓடுதான்னு கேட்டுட்டே இருந்தே. நாலு மணிக்கும் அதையேதான் கேட்டே. நின்னு போச்சுக்கா, அப்பா போயிட்டார்னேன். அந்த வரிசையில சொல்லிட்டேன். அப்புறம் திருத்தணும்னு தோணல. எதுவுமே தோணல.

— சார், ரெண்டு ஐம்பதுன்னா, அந்த லைட் எரியும்போது அப்பா இல்லையே. நீங்க லைட்டைக் கவனிக்கலையா?

— கவனிச்சேன். வண்டிக்குள்ளதான் உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் வழியா மிஷின் சத்தம் கேட்டுட்டே இருந்துச்சு. உஸ்னு இழுக்கும், உஸ்னு விடும். சாவி மேல கையை வச்சேன். திருப்ப முடியல.

— அப்போ, நான் வாங்கின வண்டி?

— நல்ல வண்டிக்கா. அப்பா போன பிறகும் ஒரு மணி நேரம் ஓடுச்சு.