நாலு பேரில் ஒருத்தி

ஐயா, அந்த மின்விசிறியை மட்டும் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள். எனக்குச் சட்டென்று சளி பிடித்துக்கொள்ளும். குரல் கட்டிக்கொண்டால் என் வாக்குமூலத்தை எழுதி எடுக்கிறவருக்குத்தான் சிரமம். போதும், நன்றி. தேநீர் வேண்டாம், குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

அந்தத் தாயைத் தேடி நீங்கள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கியதாகக் கேள்விப்பட்டேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த அலைச்சல் மிச்சமாகியிருக்கும். அவளைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் கிடையாது. ஆனால் என் வேலையிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும்.

இணையத்தில் ஒரு செய்தி வந்தால் அதன் கீழே நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் அல்லவா? எங்கள் அலுவலகத்தில் அந்த நாலு பேரும் நான்தான். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர், மூக்குக்கு மேலே கோபம், ஆனால் கெட்ட வார்த்தை வராது. எதற்கெடுத்தாலும் ‘நம்ம வரிப்பணம்’ என்கிற கடைக்காரர். வேலை கிடைக்காத பட்டதாரிப் பையன். இவர்களை நான் ஏனோதானோ என்று எழுதியதில்லை. வாத்தியார் எந்த நேரத்தில் செய்தி படிப்பார், கடைக்காரர் எந்த எழுத்தை விட்டுவிடுவார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி.

எங்களுக்கு வேலை கொடுப்பது இன்னொரு கம்பெனி. அதற்குக் கொடுப்பது யார் என்று தெரியாது, கேட்கவும் கூடாது. நானும் ஒப்பந்த ஆள்தான். உடம்புக்கு முடியாமல் ஒரு நாள் படுத்தால் அந்த நாள் சம்பளம் போச்சு. இதைக் குறையாகச் சொல்லவில்லை. வேலை என்றால் இப்போது அப்படித்தான். எங்கள் மேற்பார்வையாளருக்கு ‘சூடு’ என்று பட்டப்பெயர். எதை எழுதிக் காட்டினாலும் “சூடு பத்தலைப்பா” என்பார். மற்றபடி தங்கமான மனிதர்.

வீட்டில் என் அக்காவும் அத்தானும். அம்மா போன பிறகு அக்காதான் என்னை வளர்த்தாள். கல்யாணமாகிப் போகும்போது என்னையும் கையோடு கூட்டிப் போனாள். “ஒண்ணு எடுத்தா ஒண்ணு இலவசம்னு வந்தவன்டா நீ மாப்ள” என்று அத்தான் கிண்டல் செய்வாரே தவிர, ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அவர்களுக்குக் குழந்தை இல்லை. ஊருக்குள் பேருந்து ஓட்டுகிறவர் அத்தான். பதினேழாம் தடம். யாராவது ஓடி வருவது பக்கக் கண்ணாடியில் தெரிந்தால், வண்டியை எடுக்காமல் காத்திருப்பார். நேரம் தவறுகிறது என்று மேலதிகாரியிடம் திட்டு வாங்கியும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. நான் ஏதோ கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்கிறேன் என்று இருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அதில் பொய்யும் இல்லை.

பேருந்துகளை ஒப்பந்தக்காரரிடம் கொடுக்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்ததும் பணிமனை கொதித்துப்போனது. இருக்கிற ஓட்டுநர்களையே பாதிச் சம்பளத்துக்கு, விடுப்பில்லாமல், ஒப்பந்தக்காரர் திரும்ப எடுத்துக்கொள்வாராம். அத்தானுக்கு ஓய்வுபெறச் சொற்ப வருடங்கள்தான் இருந்தன. பேசாமல் ஒதுங்கியிருக்கலாம். ஆனால் நேற்றுச் சேர்ந்த பிள்ளைகளின் அடிமடியில் கை வைக்கிறார்களே என்று அவர்தான் முதலில் சாவியைக் கொண்டுபோய் மேலதிகாரியின் மேஜையில் வைத்தார். ஒரே காலையில், முன்னறிவிப்பில்லாமல், எல்லாப் பேருந்துகளும் நின்றுபோயின.

முதல் சில நாட்கள் ஊர் அவர்கள் பக்கம் இருந்தது. வண்டியில் போகிறவர்கள் பணிமனை வாசலில் போட்ட போராட்டப் பந்தலைப் பார்த்து ஒலி எழுப்பிவிட்டுப் போனார்கள். கல்லூரிப் பிள்ளைகள் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஊரை அவர்களுக்கு எதிராகத் திருப்பும் வேலை வந்திருந்த எங்கள் அலுவலகத்துக்கு அது தலைவலி. வாத்தியாரை இறக்கினேன், ஒன்றும் நடக்கவில்லை. ‘எனக்கு இல்லாத விடுப்பு இவர்களுக்கு மட்டும் எதற்கு’ என்று பட்டதாரிப் பையனைக் கேட்கவைத்தேன், அதற்குக் கொஞ்சம் கைதட்டல் கிடைத்தது. அதை எழுதும்போது எனக்கு எந்த வயிற்றெரிச்சலும் இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சூடு வந்து என் மேஜையருகே நின்றார். “ஊர் இன்னும் அவங்க பக்கம்தான் இருக்கு. வேற ஆளைக் கொண்டுவா” என்றார்.

அப்போது நாலாவது ஆளாக வந்தவள்தான் அவள்.

அவளுக்கு நான் பெயர் வைக்கவில்லை. தன் கதையைத் தானே எழுதுகிற ஒரு தாய், அவ்வளவுதான். கணவன் வெளியூரில். நான்கு வயதுப் பெண் குழந்தைக்கு விடியற்காலையில் காய்ச்சல் ஏறிவிடுகிறது. அன்றுதான் வேலைநிறுத்தம் தொடங்கிய நாள், அவளுக்குச் செய்தி தெரியாது. குழந்தையைப் போர்த்தித் தூக்கிக்கொண்டு மருந்துக்கடை நிறுத்தத்துக்கு வருகிறாள். மழை. நிறுத்தத்துக் கண்ணாடித் தடுப்பில் ஆவி படிந்திருக்கிறது. பாப்பா அதில் விரலால் ஒரு பேருந்து வரைகிறாள். பேருந்து வரவில்லை. காத்திருக்கிறாள். மடியிலிருந்த உடம்பு குளிர்ந்துபோகிறது. இதை எழுதி முடித்தபோது என் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கவேண்டியிருந்தது. அவ்வளவு அழுகை. அந்தக் குழந்தைக்காக நான் மனதார அழுதேன்.

அதோடு நிறுத்தியிருந்தால் எந்த ஓட்டுநர் என்று யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் ஏதோ ஒன்று குறைந்தது. அந்தத் தாய் ஏன் அங்கேயே நின்றாள் என்பதற்குக் காரணம் வேண்டுமே. அதனால் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். ‘அந்த டிரைவர் அண்ணன் நல்லவர், ஓடி வர்றவங்களை விட்டுட்டுப் போகமாட்டார், எப்படியும் வந்துடுவார்னு நம்பி நின்னேன்.’ எனக்குத் தெரிந்த நல்ல ஓட்டுநர் ஒருவர்தான். எனக்குத் தெரிந்த நிறுத்தமும் அதுதான், பதினேழாம் தடத்தில் நான் தினமும் இறங்குகிற இடம். யாரையும் குறிவைத்து எழுதவில்லை. தெரிந்ததை வைத்து எழுதினால்தான் உயிர் இருக்கும்.

சூடு அதை இரண்டு முறை படித்தார். பிறகு என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். சாயங்காலத்துக்குள் அது ஊரெங்கும் பரவிவிட்டது. தொலைக்காட்சியில் ஒரு பெண் அதை முழுவதும் வாசித்தாள். மறுநாள் பந்தலில் கல் விழுந்தது. தண்ணீர் கொண்டுவந்த அதே பிள்ளைகள் வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டுப் போனார்கள். பக்கத்து வீட்டம்மா அக்காவைப் பார்த்ததும் கதவைச் சாத்தினாள்.

அத்தான் அதைப் படித்த அன்று சாப்பாட்டு மேஜையில் நானும் இருந்தேன். கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “என்னைத்தான் சொல்றா” என்றார். அக்கா, அப்படியெல்லாம் இருக்காது, ஊரில் எத்தனை டிரைவர் என்று ஏதேதோ சொல்லிப் பார்த்தாள். சங்கத்துக்காரர்கள் வந்து, இது கட்டுக்கதை, எந்த ஆஸ்பத்திரியிலும் அப்படி ஒரு குழந்தை இல்லை என்று அடித்துச் சொன்னார்கள். அத்தானுக்கு வந்ததே கோபம். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அன்று ஒருநாள்தான்.

“குழந்தை செத்துப்போச்சுன்னு எந்தத் தாயாவது பொய் சொல்லுவாளா? மனுஷங்களா நீங்க?”

எனக்குப் பெருமையாக இருந்தது. மறைத்துப் பயனில்லை, இருந்தது. அதற்கு முன்பு நான் எழுதிய எதையும் யாரும் அப்படி நம்பியதில்லை.

அன்று முதல் அவர் பந்தலுக்குப் போவதை விட்டுவிட்டார். காலையில் கிளம்பி அந்த நிறுத்தத்துக்குப் போவார். சுற்றியுள்ள தெருக்களில் வீடு வீடாகக் கேட்பார். காய்ச்சலில் குழந்தையைப் பறிகொடுத்த வீடு எது என்று ஒருவன் கேட்டுக்கொண்டு வந்தால் யார்தான் பதில் சொல்வார்கள்? சில இடத்தில் அடையாளம் தெரிந்து சட்டையைப் பிடித்திருக்கிறார்கள். நிறுத்தத்துக் கண்ணாடியில் விரல் தடம் ஏதாவது இருக்கிறதா என்றுகூடத் தடவிப் பார்த்திருக்கிறார். அதை அவரே அக்காவிடம் சொன்னார். “கால்ல விழுந்து ஒரு வார்த்தை கேட்டுட்டா போதும். அப்புறம் அவ என்ன சொன்னாலும் சரி” என்றார். நான் எதிரேதான் உட்கார்ந்திருந்தேன். சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். கம்பெனி விஷயத்தை வெளியே பேசமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருந்தேன். அதோடு, நாளாக ஆக அவர் மனது தானே ஆறிவிடும் என்றுதான் நினைத்தேன்.

ஆறவில்லை. ஒரு மாலை என் அறைக் கதவருகே வந்து நின்றார். உள்ளே வரவில்லை. அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டதென்று நினைத்தேன்.

“மாப்ள, நீ நல்லா எழுதுவியே. அந்தப் பொண்ணு எழுதினதுக்குக் கீழ எனக்காக ரெண்டு வார்த்தை எழுதிப் போடுடா. நான்தான் அந்த டிரைவர்னு போடு. எங்க இருக்கேன்னு மட்டும் சொல்லட்டும், நான் வந்து பாக்குறேன்னு போடு.”

அவர் சொல்லச் சொல்ல அப்படியே தட்டச்சு செய்தேன். நான் கைவைக்கவில்லை. கைவைக்க அவசியமும் இல்லை, நன்றாகவே சொன்னார்.

மறுநாள் அலுவலகத்தில் பார்த்தால், அவர் எழுதியதன் கீழே ஆயிரக்கணக்கானவர்கள் கூடியிருந்தார்கள். சிலர் திட்டினார்கள். பலர் அழுதார்கள். அந்தத் தாய் என்ன சொல்லப்போகிறாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். உள்ளபடி சொல்கிறேன், அன்று சூடு என்னிடம், “விட்டுடு, ஊர் நம்ம பக்கம் வந்தாச்சு, அந்தம்மா இனிமே வாய் திறக்க வேண்டாம்” என்றார். அந்தப் பதிலை எழுதச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அதற்கு எனக்குச் சம்பளமும் கிடையாது. மதிய இடைவேளையில், சாப்பிடப் போகாமல் உட்கார்ந்து எழுதினேன்.

‘அண்ணா, நீங்க நல்லவர்னு எனக்குத் தெரியும். அதனாலதான் நின்னேன். வேற டிரைவரா இருந்திருந்தா, இவன் வரமாட்டான்னு அப்பவே வேற வண்டி தேடி ஓடியிருப்பேன். உங்களை நம்பி நின்னதுதான் நான் செஞ்ச தப்பு. என்னைத் தேடாதீங்க. கிடைக்கமாட்டேன்.’

நான் எழுதியதிலேயே சிறந்தது அதுதான்.

வீட்டுக்குப் போனபோது அத்தான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். பதில் வந்திருக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மூக்குக்கண்ணாடியை எங்கோ தொலைத்துவிட்டாராம், என்னையே வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அவசரப்படாமல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி வாசித்தேன். ‘அதனாலதான் நின்னேன்’ என்ற இடத்தில் அவர் முகம் மாறியது. அக்கா என் கையைப் பிடித்து, “போதும்டா, நிறுத்து” என்றாள். பாதியில் விடுவது சரியாக இருக்காது. முழுவதும் வாசித்தேன். அவர் தலையை ஆட்டினார். “சரியாத்தான் சொல்லியிருக்கா” என்றார். கை கழுவிக்கொண்டு வந்து, அக்கா போட்ட சாப்பாட்டை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்.

மறுநாள் காலை சீருடையை மடிப்பு கலையாமல் போட்டுக்கொண்டு கிளம்பினார். வேலைக்குத் திரும்புகிறார் என்று அக்கா நினைத்தாள். அவர் போனது மருந்துக்கடை நிறுத்தத்துக்கு. மற்றது உங்களுக்கே தெரியும். பதினேழாம் தடத்தில் ஒப்பந்தக்காரரின் முதல் பேருந்து அன்றுதான் ஓடியது. ஓட்டிய பையன் புதிது, அவன்மேல் எந்தத் தப்பும் இல்லை. இவர் காத்திருந்து, அது கிட்டே வந்த பிறகு சாலையில் இறங்கியிருக்கிறார். அடுத்த வாரமே வேலைநிறுத்தமும் முடிந்துவிட்டது. சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள், பாதிச் சம்பளத்துக்கு.

அவரை வீட்டில் கிடத்தியிருந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. ஏன் என்று நானே யோசித்துப் பார்த்தேன். அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அந்தத் தாயைத் தேடச் சொல்லி உங்களிடம் வந்தது அக்காதான் என்று இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. சண்டை பிடிக்கவோ பழி தீர்க்கவோ இல்லையாம். அவர் போய்விட்டார் என்று அவளிடம் சொல்லவேண்டுமாம், இனியாவது அந்தப் பெண்ணின் மனது ஆறட்டுமாம். அக்கா அப்படித்தான். இப்போது வெளியே பெஞ்சில்தானே உட்கார்ந்திருக்கிறாள்? நீங்களே சொல்லிவிடுங்கள். எனக்கு அவளிடம் என்ன பேசுவதென்று தெரியாது.

ஆமாம், அவள் எழுதியதாக வந்த இரண்டையும் நான்தான் எழுதினேன். கையெழுத்துப் போடுகிறேன். நீங்கள் கேட்டதில் ஒன்று மட்டும் பாக்கி. யாரும் எழுதச் சொல்லாதபோது, எழுதித்தான் தீரவேண்டும் என்றால், மன்னித்தேன் என்று ஒரே ஒரு வார்த்தை எழுதித் தொலைத்திருக்கக்கூடாதா என்கிறீர்கள். முதலில் அதைத்தான் எழுதினேன் ஐயா. எழுதிவிட்டுத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். மனது ஒப்பவில்லை, அழித்துவிட்டேன். குழந்தையைப் பறிகொடுத்த தாய் அவ்வளவு சீக்கிரம் மன்னிப்பாளா? எனக்குப் பொய்யாக எழுத வராது.