சீரகத்தின் மேல் ஒரு பழி

இஞ்சியைத் தோல் சீவாமல் கொதிக்கவிடுகிறவர்களை நான் நம்புவதில்லை. நீங்கள் வரவழைத்துக் கொடுத்த டீயில் தோல் மிதந்தது. இருந்தாலும் குடித்தேன், போலீஸ் ஸ்டேஷனில் உட்காரவைத்துக் கேட்கும்போது குறை சொல்லக் கூடாது.

என் சீரகத் தண்ணீர்தான் அக்காவைக் கொன்றது என்று மாமா உங்களிடம் சொல்லியிருக்கிறார். அவர் துக்கத்தில் இருக்கிறார், நான் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் சீரகம் ஒரு பாவமும் அறியாதது. அதற்காகத்தான் சார் வாயைத் திறக்கிறேன்.

நான் வேலை பார்த்த அச்சகத்தை மூடியதும் ஒரு வாரம் தங்கலாம் என்று அக்கா வீட்டுக்கு வந்தேன். அந்த வாரம் கொஞ்சம் நீண்டுவிட்டது. மாமா, அதாவது அக்காவின் கணவர், டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். சாப்பிடும்போதுகூட அவர் வலது கால் மேஜைக்கு அடியில் பிரேக்கைத் தேடும். என்னைப் பார்த்தால் இரண்டு கால்களும் தேடும்.

"மாப்ளே, வேலை ஏதாவது பாத்தியா?" என்று தினமும் கேட்பார்.

"சாப்பிடுற நேரத்துல எதுக்குங்க அதெல்லாம்? அவன் எங்க ஓடியா போயிடப் போறான்?" என்பாள் அக்கா.

மாமாவின் கவலையே அதுதான் என்பது அவளுக்குக் கடைசிவரை புரியவில்லை. என்னை அவ்வளவு நம்பியவள் உலகத்தில் அவள் ஒருத்திதான்.

ஒருநாள் மாமாவுக்கு வயிறு உப்பிக்கொண்டது. சீரகத்தை வறுத்துக் கொதிக்கவைத்துக் கொடுத்தேன். பெரிதாக ஓர் ஏப்பம் விட்டார். அன்றைக்கு வேலையைப் பற்றிக் கேட்கவில்லை, தட்டில் எனக்கு முதலில் பரிமாறச் சொன்னார். ஓர் ஏப்பத்துக்கு இவ்வளவு மரியாதை என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் அவருக்குக் கல்லைத் தின்றாலும் செரிக்கும். தானாக மறுபடி கெடும் என்று காத்திருந்தால் அதற்குள் என் பெட்டி வாசலுக்குப் போயிருக்கும். எனவே நான் கொஞ்சம் கைகொடுத்தேன்.

மருந்துக்கடையில் பேதி மாத்திரை சுலபமாகக் கிடைக்கும். பொடித்துக் குழம்பில் கலந்தால் மணமில்லை. வயிறு நன்றாகக் கலங்கியதும் பொடியை நிறுத்திவிட்டு சீரகத் தண்ணீர் கொடுப்பேன். மறுநாள் சரியாகிவிடும். மின்விசிறி இறக்கையில் மிளகுத்தூள் தடவினால் வீடே தும்மும். அதற்கு மிளகுக் கஷாயம் கொடுத்தேன், அதில் ஒரு சிக்கனமும் இருந்தது. மாமாவின் துண்டில் மிளகாய்த் தண்ணீர் தெளித்த அன்று மட்டும் கை கொஞ்சம் தாராளமாகிவிட்டது. வெள்ளரிக்காய் அரைத்து நானே பூசிவிட்டேன். பாவம், மனிதர் நன்றியில் கண் கலங்கினார். எரிச்சலாகவும் இருந்திருக்கலாம்.

அக்காவுக்கும் கொடுத்தேனா என்று கேட்கிறீர்கள். கொடுத்தேன். ஒரே வீட்டில் ஒருவருக்கு மட்டும் வந்தால் சந்தேகம் வரும். அவளுக்கு அளவைக் குறைத்துத்தான் போட்டேன், கூடப்பிறந்தவள் இல்லையா?

மாடிவீட்டுத் தையல்காரருக்கு இருமல் தானாகவே வந்து தானாகவே போனது. நடுவில் நான் கொடுத்த தேனுக்குப் பேர் கிடைத்தது. அதன் பிறகு தெருவில் எனக்கு 'டாக்டர் தம்பி' என்று பெயர். மாமா வேலைப் பேச்சையே விட்டுவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முதலில் தொப்புளைச் சுற்றி வலித்தது, பிறகு வலப்பக்கம் கீழே இறங்கியது. வாந்தி எடுத்தாள், உடம்பு கொதித்தது. அந்த வாரம் முழுக்க நான் எதிலும் எதையும் கலக்கவில்லை. அந்த வீட்டில் வருகிற வயிற்றுவலிகளை எல்லாம் எனக்கு முன்கூட்டியே தெரியும். இது எனக்குத் தெரியாமல் வந்த வலி.

மாமா கார் சாவியை எடுத்துவிட்டார்.

"தம்பி இருக்கான்ல, எதுக்கு ஆஸ்பத்திரி?" என்றாள் அக்கா. "ஒரு டம்ளர் குடுடா, சரியாயிடும்."

மாமா என்னைப் பார்த்தார். "மாப்ளே, நீ என்ன சொல்ற? போலாமா, வேணாமா? நீ சொன்னா சரி."

சார், அந்த மனிதர் வாயிலிருந்து அந்த வார்த்தை வரத்தான் நான் அத்தனை மிளகு அரைத்தேன். ஆஸ்பத்திரி என்று சொன்னால் நான் மறுபடி வேலையில்லாத மச்சினனாகிவிடுவேன். இது வேறு வலி என்று சொன்னால், மற்ற வலிகள் யாருடையவை என்ற கேள்வி வரும்.

"வாய்வுதான் மாமா. சாயங்காலத்துக்குள்ள இறங்கிடும்" என்றேன்.

அவர் சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டினார். நான் சீரகத்தை வறுத்தேன். மதியம் வலி சட்டென்று நின்றது. அக்கா சிரித்தாள், மாமா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். உண்மையைச் சொன்னால், அவ்வளவு சந்தோஷமாக நான் என்றைக்கும் இருந்ததில்லை. குடல்வால் வெடித்தால் முதலில் வலி அப்படித்தான் நிற்கும் என்று, மறுநாள் நினைவில்லாமல் கிடந்தவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனபோது டாக்டர் சொன்னார். அப்போது அவள் கண் திறக்கவில்லை. பிறகும் திறக்கவில்லை.

மாமாவிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். நான் சொன்னால் நம்பமாட்டார். அந்த வீட்டில் நான் கொடுக்காத வலி அது ஒன்றுதான்.