உறைக்குள் இருந்த குழாய்

டர்போ பொருத்திய வண்டியை விரட்டிக்கொண்டு வந்து சட்டென்று அணைக்கக் கூடாது. ஒரு நிமிடமாவது நின்ற இடத்திலேயே ஓட விட வேண்டும். உள்ளே ஓடும் எண்ணெய்தான் சூட்டை இறக்குகிறது. எஞ்சினை உடனே நிறுத்தினால் எண்ணெய் அங்கேயே நின்று கருகிவிடும். காலையில் நான் உங்களுக்காக ஸ்டேஷன் வாசலில் காத்திருந்தபோது உங்கள் ஓட்டுநர் ஜீப்பை வந்த வேகத்தில் அணைத்தார். கெட்ட மனிதர் இல்லை, யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

எங்கள் பட்டறையில் மூன்று பேர். நான், என் தங்கை, அவள் கணவர். மாப்பிள்ளை எஞ்சினைப் பிரித்துக் கோப்பார். தங்கை வாடிக்கையாளர்களைக் கவனிப்பாள், மீட்டர் படிப்பாள். குழாய் வேலை முழுவதும் என்னுடையது. இருபத்தாறு வருடங்களாக.

அது என்ன வேலை என்று உங்கள் எழுத்தர் கேட்டார். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ, முழுச் சூட்டில் அடுப்புக் கரிபோலச் சிவக்கும். அதிலிருந்து ஒரு சாண் தள்ளி ரப்பர் குழாய்கள் ஓடுகின்றன. அவற்றில் ஒன்று சுண்டுவிரல் தடிமன்தான் இருக்கும். காற்றழுத்தம் எல்லை மீறினால் அந்தக் குழாய் வழியாகத்தான் வால்வுக்குத் தகவல் போகும், வால்வு திறந்து புகையை வேறு வழியில் விடும். குழாய் வெந்து அறுந்தால் வால்வு திறக்காது. அழுத்தம் ஏறிக்கொண்டே போய் எஞ்சின் வெடிக்கும். அதனால் அந்தக் குழாயை வெள்ளி நிற வெப்ப உறைக்குள் நுழைத்து, சூட்டைவிட்டு ஒதுக்கிக் கட்டுவோம்.

நான் கிளிப் மாட்டினால் அதன் திருகுத் தலை பேட்டரியைப் பார்த்து இருக்கும். பிறகு யார் கழற்றினாலும் ஸ்குரூடிரைவர் நேராகப் போக வேண்டும் என்பதற்காக. சென்ற மாதம் நான் முடித்த ஒரு வண்டியில் இரண்டு திருகுத் தலைகள் வேறு பக்கம் பார்த்திருந்தன. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் மூக்குக்கண்ணாடியை எடுக்கத் திரும்பி வந்தேன். நான் முடித்து வைத்த வண்டிக்குள் தங்கை குனிந்திருந்தாள். மாப்பிள்ளை டார்ச் பிடித்திருந்தார்.

"ஆறு மாசமா இந்தத் திருட்டுத்தனம். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகலாம்னா கேக்க மாட்டேங்கறே."

"போறதுக்கு முன்னால என்னன்னு சொல்றது? 'அண்ணா, உன் கை நடுங்குது'ன்னா? அதுக்கு நாலு நட்டை முடுக்கிட்டுப் போயிடலாம்."

"மாட்டினா மச்சான் உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டார். என் தோலைத்தான் உரிச்சு ஸ்டாண்டுல மாட்டுவார்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடியும் வரை நான் கதவுக்கு வெளியே நின்றேன். கண்ணாடி இல்லாமலே வீட்டுக்குப் போனேன்.

என் கை நடுங்கவில்லை. வெறும் வயிற்றில் யாருக்கும் லேசாக ஆடும். அவர்கள் நேராகச் சொல்லியிருந்தால் நான் கேட்டுக்கொண்டிருப்பேன். சொல்லவில்லை. ஆறு மாதங்களாக என்னை வேலை செய்ய விட்டு, "அருமை அண்ணா" என்று சொல்லி, என் தலை மறைந்ததும் அழித்து எழுதியிருக்கிறார்கள். நான் வளர்த்த பெண் அவள். வேற்று ஆள் செய்திருந்தால் சண்டை போட்டு முடித்திருப்பேன்.

என் தவறுகளைத் தாங்கள் கண்டுபிடிப்பதாக அவர்கள் நம்பினார்கள். கண்டுபிடிக்கவே முடியாத ஒன்றைச் செய்து காட்டுவது நியாயம் என்று எனக்குப் பட்டது.

அடுத்து வந்த ஒரு சிவப்பு வண்டியில் வால்வுக்குப் போகும் குழாயை எடுத்துவிட்டு, பிசுபிசுத்துப்போன பழைய ரப்பர் குழாய் ஒன்றை வைத்தேன். வெப்ப உறையின் உள்பஞ்சை உரித்துவிட்டு, மேல்துணியை மட்டும் குழாயின் மேல் இழுத்துத் தைத்தேன். மொத்தம் பதினோரு நிமிடம். தையல் எங்கே என்று எனக்கே தேட வேண்டியிருந்தது. நடுங்கும் கை அதைச் செய்யுமா, நீங்களே சொல்லுங்கள்.

ஆனாலும் அவர்கள் கை அதில் படுவதை நான் விரும்பவில்லை. அன்று மதியம் சாப்பிடப் போகாமல் வண்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன்.

"அண்ணா, சாப்பாடு ஆறிட்டிருக்கு. போய்ச் சாப்பிட்டு வாயேன்."

"பசியில்ல."

கொஞ்ச நேரம் கழித்து மாப்பிள்ளை வந்தார். "மச்சான், பேட்டரி கடை வரைக்கும் போயிட்டு வர்றீங்களா? நீங்க போனாத்தான் அவன் பழசைத் தலையில கட்ட மாட்டான்."

"நாளைக்குப் போறேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான்தான் சொன்னேன்: "வேணும்னா பானெட்டைத் திறந்து பாருங்க மாப்பிள்ளை. நான் தப்பா நினைக்க மாட்டேன்."

அவர் முகம் சுருங்கியது. "சே, என்ன மச்சான். உங்க வேலையை நான் பாக்கறதா?"

நான் வாய்ப்புக் கொடுத்தேன் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

முடித்த வண்டியை மலைச்சாலையில் ஏற்றிப் பார்ப்பது எங்கள் வழக்கம். மாப்பிள்ளை ஓட்டுவார், தங்கை பக்கத்தில் உட்கார்ந்து அழுத்த மீட்டரைப் பார்த்து எழுதுவாள். அன்று அவர், "நீ இரு, மீட்டரை நானே பாத்துக்கறேன்" என்றார்.

"ஓட்டிக்கிட்டே எழுதுவீங்களாக்கும்? நீங்க உக்காந்து எழுதினதையே யாராலயும் படிக்க முடியல" என்று சொல்லிக்கொண்டே அவள் ஏறினாள்.

நான் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் காரணம் கேட்டிருப்பாள். "பெல்ட்டைப் போட்டுக்க" என்று மட்டும் சொன்னேன். வண்டி தெருவைத் தாண்டிய பிறகு போய்ச் சாப்பிட்டேன். சாப்பாடு உண்மையிலேயே ஆறியிருந்தது.

ஐந்தாவது வளைவில் வண்டி தீப்பிடித்தது. மாப்பிள்ளை அங்கேயே போய்விட்டார். தங்கை மூன்று நாள் இருந்தாள்.

யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. நீங்கள்கூட எனக்குத் தண்ணீர் கொடுத்து, ஓய்வெடுங்கள் என்று அனுப்பினீர்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். நானாக இங்கே வந்ததற்குக் காரணம், மருத்துவமனையில் அவள் உங்களிடம் சொன்னது. நேற்று அதை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். "எங்கண்ணன் மேல தப்பில்ல. பாவம், அவருக்குக் கை முடியல. எப்பவும் நாங்க ஒரு தடவ பாத்துடுவோம். அன்னிக்கு அவர் மனசு நோகுமேன்னு, வண்டியப் பாக்காமலே எடுத்துட்டோம்."

பாவம் என்கிறாள். உடம்பெல்லாம் வெந்து கிடக்கும்போதும் அவளுக்கு என் கையைப் பற்றித்தான் பேச வேண்டியிருந்தது. அரசாங்கத் தாளில் அது பதிவாகிவிட்டது. அதைத் திருத்தத்தான் வந்தேன்.

நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு நீங்கள் பரிசோதகரின் அறிக்கையை என் பக்கம் திருப்பி வைத்தீர்கள். படித்தேன். உறைக்குள் இருந்த குழாய் இளகியிருந்தது, அறுந்திருக்கவில்லை. வால்வு திறந்துதான் இருந்திருக்கிறது. தீ வந்தது டர்போவுக்கு எண்ணெய் கொண்டுபோகும் குழாயின் இணைப்பிலிருந்து. அதன் நட்டு விரலால் திருகியதோடு நின்றிருக்கிறது, ஸ்பேனர் படவே இல்லை. "கை முடியாம விட்டுட்டீங்களா, பெரியவரே?" என்று கேட்டீர்கள். தங்கையின் குரலில் இருந்த அதே இரக்கம் உங்கள் குரலிலும் இருந்தது.

இல்லை. அந்த நட்டையும் நான் வேண்டுமென்றேதான் விட்டேன். இப்போதுதான் ஞாபகம் வருகிறது. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.