கயிற்றுத் தழும்பு

காலை ஆறரைக்குத் தேயிலைத் தோட்ட மருந்தகத்தைத் திறந்துவிடுவேன். இருபத்திரண்டு வருடங்களில் ஒரு நாளும் பிந்தியதில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மீனம்மாவின் சாவை விசாரிக்க வந்திருக்கிறீர்கள். சொல்கிறேன்.

தோட்டத்தில் வருத்தம் என்று வருபவர்களில் பாதிப் பேருக்கு மருந்து தேவையில்லை. நான் எழுதும் துண்டுதான் தேவை. துண்டு கிடைத்தால் அன்றைக்குக் கொழுந்து பறிக்கப் போகவேண்டாம். நானும் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தவன். இவர்களை எனக்குத் தெரியும்.

மலத்தோடு இரத்தம் போகிறது என்று மீனம்மா வந்தாள். மூலத்துக்கு மருந்து கொடுத்தேன். எட்டு மாதம் கொடுத்தேன். பிறகு என்னிடம் கேட்காமல் கண்டிக்குப் பஸ் ஏறிவிட்டாள். புற்றுநோய் என்றார்கள். அறுத்து, கதிர் கொடுத்து, வயிற்றில் பை வைத்து அனுப்பினார்கள். அங்கிருந்த டாக்டர் தோட்ட அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். ஒரு தடவையாவது விரலை விட்டுப் பார்த்தீரா என்று என்னைக் கேட்டார். தோட்டத்தை நிர்வகிக்கிற துரை பக்கத்தில் இருந்தார். கொழுந்து பறிக்கிற ஒருத்தியால் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

ஊர் வந்ததும் ஆஸ்பத்திரிக் கடிதத்தை என்னிடமே நீட்டினாள். ஆங்கிலம் வாசிக்க அந்த லயத்தில் யாருமில்லை. இந்த நோய் அபூர்வமாக எதிர்பாராத இடங்களில் திரும்பும், உடம்பில் எங்கே கட்டி வந்தாலும் உடனே அனுப்பவும் என்று இருந்தது. பூரண சுகம், இனிக் கிளினிக் வேண்டியதில்லை என்று வாசித்துக் காட்டினேன். இனி என் சொல்லைத் தாண்டுவதில்லை என்று மாரியம்மன்மேல் சத்தியம் செய்தாள். நான் கேட்டுத்தான் செய்தாள்.

அடுத்த வருடம் உச்சந்தலையில் கட்டி. முதுகில் தொங்கும் கொழுந்துக் கூடையின் கயிறு அழுந்துகிற இடம். முப்பது வருடம் கூடை சுமந்தவர்களுக்கு அங்கே முடி தேய்ந்து தோல் தடித்திருக்கும். கயிற்றுத் தழும்பு என்றேன். துணியை மடித்து வைத்துக்கொள்ளச் சொன்னேன். கூட வந்த பெண்கள் தங்கள் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். மகள் சுதர்ஷினி மட்டும் கண்டிக்குப் போவோம் என்றாள். தாயே அவளை அதட்டினாள்.

தொட்டுப் பார்த்தேன். கல்லாக இருந்தது. அசையவில்லை. தழும்பு அப்படி இருக்காது.

ஆனால் மருந்தகத்தின்மேல் நம்பிக்கை போனால் ஆளாளுக்குப் பஸ் ஏறுவார்கள். தோட்டம் நடக்காது. எல்லோரையும் யோசித்துத்தான் செய்தேன்.

நான் அவளை வெறுத்தேன் என்று மகள் சொன்னாளாம். வெறுக்க வேண்டுமானால் எதிரில் நிற்பது சமமான ஆளாக இருக்க வேண்டும்.

கடிதம் என் மேசை லாச்சியில் இருக்கிறது. கிழிக்கவில்லை. கசங்கக்கூட இல்லை.

கடைசியாக அவள் வந்தபோது வேலையை விட்டிருந்தாள். மகள் தாங்கிப் பிடித்திருந்தாள். வாங்கு காலியாக இருந்தும் உட்காரவில்லை. நான் சொல்லாமல் அவர்கள் உட்காருவதில்லை. முக்காட்டை விலக்கித் தலையைக் குனிந்து காட்டினாள். சண்டைக்கு வந்தவள்போல அல்ல, தெரியாததைக் கேட்பவள்போலத்தான் கேட்டாள்.

"கயித்த எறக்கி மூணு மாசமாச்சுங்க டாக்டரய்யா. பெறகு ஏங்க இது வளருது?"