கயிறு கட்டிய கால்

பாம்பு கடித்தால் இறுகக் கட்ட வேண்டும் என்று ஊருக்கே உபதேசம் செய்து திரிந்த மேதை நான். குத்தாலம் பஸ்ஸில் முன்சீட்டில் இரண்டு ஆம்புலன்ஸ் பெண்கள் சீருடையோடு பேசிக்கொண்டு வந்தார்கள்.

"நடவு வயல்ல பாம்பு கடிச்ச ஆளு, அக்கா. நாத்துமுடி கட்டுற கயித்தால கட்டி, கால் கறுத்துப்போச்சு."

"யாருடி கட்டினது?"

"பொண்டாட்டிதான். 'நான் உடனே கட்டிட்டேன், பொழச்சுக்குவாருல்ல'ன்னு வண்டில என் கையப் புடிச்சுக்கிட்டே வந்துச்சு."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"கடிச்சது தண்ணிப்பாம்பாம், விஷமே இல்லியாம். கால் தங்குமான்னு நாளைக்குத்தான் தெரியுமாம். அந்தம்மாகிட்ட இத எப்படிக்கா சொல்றது?"

என் வாய் சும்மா இருக்குமா?

"அப்ப எப்படித்தாம்மா கட்டணும்?" என்று எட்டிக் கேட்டேன்.

"கட்டாதீங்க சார், கால அசைக்காம ஆஸ்பத்திரிக்குக் கொண்டாங்க."