கேட்டவ கூடம்

ஏப்பா, வெளியூரா? ஏல நோட்டீசுல ஆறாவதா போட்டிருக்கிற கல்லுக்கூடத்தப் பாத்துட்டு, "ஆஸ்பத்திரிக்கு எதுத்தாப்புல, அருமையான எடம், நாந்தேன் எடுக்கப்போறேன், செல்போன் கடை வைக்கப்போறேன்"னு குதிச்சீகள்ல? காதுல விழுந்துச்சு. உக்காருங்க. நானும் ஏலத்துக்குத்தேன் வந்திருக்கேன். பஸ்ஸ்டாண்டு கட்டணக் கழிப்பறை ஏங்குத்தகை. அதுல எவனாச்சும் வாயத் தொறந்தீக, தொலைச்சுப்புடுவேன். ஆனா அந்தக் கூடத்த என்னாலயும் எடுக்க முடியாது, ஒங்களாலயும் முடியாது. ஏன்னு சொல்றேன். சேர்மன் வர்ற வரைக்கும் நமக்கு வேற என்ன சோலி? நான் நிறுத்துற எடத்துல ஊங் கொட்டணும், ஆமா.

அது வெள்ளக்காரன் காலம். மலையடிவாரத்துல இதே வெள்ளோடை ஊரு, இதே முனிசிபாலிட்டி. ஆஸ்பத்திரிக்கு எதுத்தாப்புல அந்தக் கல்லுக்கூடம். மலைச்சனம் வைத்தியத்துக்கு எறங்கி வரும். பொழைச்சா நடந்து போகும். செத்துட்டா? வண்டி வர்ற வரைக்கும் பொணத்த எங்க வைக்கிறது? எவன் வீட்டுல விடுவான்? அந்தக் கூடத்துலதேன் கெடத்துவாகளாம். வாடகை கெடையாது, கேக்க ஆளு கெடையாது. அப்பிடித்தேன் இருந்துச்சுன்னு சொல்றாக.

அந்த வருசம் மெம்பருக எல்லாம் கூடி உக்காந்தாகளாம். தெருவெளக்குக்கு வருமானம் வேணும். "சந்தைச் சுங்கத்த ஏத்துவமா?" கடைக்காரன் சண்டைக்கு வருவான். "வண்டிப்பேட்டை வாடகைய ஏத்துவமா?" வண்டிக்காரன் சண்டைக்கு வருவான். "அப்ப அந்தக் கூடத்தக் குத்தகைக்கு விடுவோம்"னாராம் ஒருத்தர். செத்தவுக சண்டைக்கு வரமாட்டாகள்ல! எல்லாரும் கையத் தூக்குனாக. தீர்மானம் ஆகிப்போச்சு. பாவிக!

ஏலத்தன்னைக்கு அடமழை. இதே மண்டபந்தேன். கதிர்வேல் செட்டியாருன்னு ஒரு புளி வியாபாரி, கூடத்த எடுத்துப் புளி மூட்டை அடுக்கணும்னு வந்து உக்காந்திருக்காரு. லேசுப்பட்ட ஆளில்ல. கேட்ட ஏலத்த விட்டவருன்னு பேரே கெடையாது. அவரு கேக்கக் கேக்க மத்தவுக ஒவ்வொருத்தரா வாய மூடிட்டாக. ஏலங்கூறுற சேவகன் டவாலி எந்திரிச்சு, "ஒருதரம்!"னான். "ரெண்டுதரம்!"னான். வழக்கப்படி சேர்மன் சத்தமாக் கேட்டாரு: "இதுக்கு மேல கேக்குறவங்க உண்டா?"

"நான் கேக்குறேஞ் சாமி."

வாசல்ல ஒரு பொம்பள. தொப்பலா நனைஞ்சு நிக்கிறா. பேரு ஒச்சம்மா. எங்க அப்பத்தாவப் பெத்தவ. சாவுத் தீட்டுன்னு உள்ள வரல, நெலைக்கு அந்தப்பக்கமே நின்னாளாம். ஏலத்துல கேக்குறதுன்னா வெலை சொல்றதுன்னு மலையில இருந்து வந்தவளுக்கு என்ன தெரியும்? 'கேக்குறவங்க உண்டா'ன்னு ஒரு பெரிய மனுசரு கேக்குறாரு, நம்ம கொறையத்தேன் விசாரிக்கிறாருன்னு நெனைச்சுட்டா.

மெம்பருக சிரிச்சுட்டாகளாம். சேர்மனும் சிரிச்சுக்கிட்டே, "நீ எவ்வளவும்மா கேக்குற?"ன்னாரு.

"எம்புட்டுன்னு நீங்கதேன் சொல்லணும் சாமி. எம்புருசன் விடியக்காலையில போயிட்டாரு. கூடத்துல கெடக்காரு. இன்னைக்கு ஏலம், எடுத்தவுக வந்து பூட்டப்போறாக, தூக்குன்னு சொல்றாக. நான் ஒருத்தி எங்கிட்டுத் தூக்க? எங்கண்ணன் வண்டி கட்டிட்டு எறங்கி வந்துருவாரு. அதுவரைக்கும் அவரு நனையாமக் கெடக்கட்டும். அம்புட்டுத்தேன் கேக்குறேன்."

சிரிப்பு நின்னுபோச்சு.

டவாலி மூணுதரம் சொல்லணும். சேர்மன் மூஞ்சியப் பாக்குறான். சேர்மன் செட்டியாரு மூஞ்சியப் பாக்குறாரு. கேட்டதத் திரும்ப வாங்குனா செட்டியாரு யாவாரப் பேச்சுக்கு மதிப்பே போயிரும். மூணு சொல்லிட்டாகன்னா அந்தப் பொணம் மழைக்கு வந்துரும். செட்டியாரு மெதுவா எந்திரிச்சாராம்.

"சேர்மன் அய்யா, ஒருத்தரு மேல கேட்டா, கீழ கேட்டவன் கேள்வி தள்ளுபடி. அதான சட்டம்?"

"ஆமா."

"அப்ப என் கேள்வி தள்ளுபடி. அந்தம்மா எனக்கு மேல கேட்டுருச்சு. அதுக்கு மேல கேக்குறதுக்கு எனக்கு வாய் இல்ல. வேற யாருக்காச்சும் இருந்தாக் கேளுங்க."

ஒருத்தருக்கும் இல்ல. டவாலி ஒச்சம்மாவப் பாத்து, "ஒருதரம்"னான். "ரெண்டுதரம்"னான். சேர்மன், "ஏம்மா, மூணு சொல்லிட்டா கூடம் ஒனக்கு. ஒம்பேருலயே எழுதிரட்டுமா?"ன்னு கேட்டாரு.

வேற எவளா இருந்தாலும் சரின்னுருப்பா. நானா இருந்தா சரின்னுதேன் சொல்லிருப்பேன், எனக்கென்ன வெக்கம்? அவ சொன்னாளாம்: "எனக்கு எதுக்கு சாமி? எங்கண்ணன் வந்தா நாங்க போயிருவோம். நாளைக்கு வேற எவளாச்சும் வந்து நிப்பா. அவளுக்கு வேணும்ல?"

சேர்மன் டவாலியப் பாத்துக் கையக் காட்டி, "மூணு சொல்லாத. இப்பிடியே இருக்கட்டும்"னுட்டாரு.

சாயந்தரம் அண்ணன்காரன் வண்டி வந்துச்சு. புருசன ஏத்திக்கிட்டு அவ மலையேறிட்டா. அப்பறம் இந்த ஊருப் பக்கமே அவ எறங்கலன்னு சொல்றாக. அந்த ஏலம் மட்டும் இன்னைக்கு வரைக்கும் முடியல. வருசா வருசம் நோட்டீசுல வரும். ஒருதரம்பாக, ரெண்டுதரம்பாக, மேல கேக்குறவங்க உண்டான்னு கேப்பாக. எல்லாரும் எந்திரிச்சு வாசலப் பாப்பாக. மூணு மட்டும் சொல்லமாட்டாக. பெறகு ஏழாவதுக்குப் போயிருவாக. கூடத்துக்குப் பேரும் கேட்டவ கூடம்னே ஆகிப்போச்சு.

எம்மகன் லாரியில அடிபட்டு ஆஸ்பத்திரிக்குள்ளயே போயிட்டான். எம்மருமக துபாயில இருந்து வந்து மொகம் பாக்கணும்ல? ஒரு பகல் முச்சூடும் அங்கதேன் கெடத்தியிருந்தேன். ஆரும் என்னய ஒரு வார்த்தை கேக்கல. நான் கேக்க வேண்டியத அன்னைக்கே அவ கேட்டு முடிச்சிட்டா.

அந்தா, சேர்மன் வந்துட்டாரு. அஞ்சாவது வரைக்கும் கேக்குறது ஒங்க இஷ்டம், கழிப்பறையத் தவிர. ஆறாவது பேரு வரும்போது எந்திரிச்சு நில்லுங்கப்பா. அந்தச் செல்போனையும் அமத்தி வைங்க.